தன்னார்வ அமைப்புகளில் பாலியல் தொந்தரவு முறைப்பாடுகள்: நாங்கள் விசாரித்த விதம்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து:

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு ஆதரவாக யாழ்ப்பாணத்திலிருந்து சென்று வந்த சிறு குழுக்களில் ஒன்றுக்கு நான் செயலாளராக இருந்தேன். எங்களுக்குப் பதிவோ சம்பளமோ அலுவலகமோ இருக்கவில்லை; ஓர் உறுப்பினரின் வீட்டு விறாந்தையில்தான் கூடுவோம். எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். எங்களுடைய தவறு அந்தப் பெருமையிலேயே தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருமுறை கிளிநொச்சியிலிருந்து இரவு வான் வண்டியில் திரும்பிய மறுநாள், வன்னியைச் சேர்ந்த இளம் தொண்டர் ஒருவர் என்னிடம் தனியே வந்து, “அக்கா, அவர் வாற வானிலை இனி நான் வரமாட்டன்” என்றார். அவர் குறிப்பிட்டவர் எங்கள் மூத்த உறுப்பினர். பலமுறை பொலிஸ் விசாரணைக்கு அழைக்கப்பட்டும் பின்வாங்காதவர் என்பதால் எல்லோரும் மதித்தவர். நானும் இன்னும் இருவரும் அன்று மாலையே ‘விசாரணைக்குழு’ ஆனோம். மூவருமே அவரோடு பல ஆண்டுகள் பழகியவர்கள். எங்களில் ஒருவருக்கு அவர் உறவினர்கூட. அது ஒரு தடை என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளையை எட்டுப் பேர் இருந்த கூட்டத்தில் கதைக்கச் சொன்னோம். “அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டது நான்தான். அவர் சொன்னதை எவரும் எழுதி வைக்கவில்லை. இரகசியம் காப்போம் என்று உறுதி கொடுத்திருந்தும், இருட்டுவதற்கு முன்பே செய்தி வட்ஸ்அப்பில் மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது. பிறகு நாங்களே பதறிப்போய், அந்த மூத்த உறுப்பினரின் பக்கத்தைக் கேட்காமலேயே அன்றிரவு அவரைக் குழுவிலிருந்து நீக்கினோம். என்ன முறைப்பாடு, எந்த நாள், எந்தச் செயல் என்று அவருக்கு ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அவர் வேறொரு அமைப்பில் சேர்ந்தார்; எங்களிடம் பதிவு எதுவும் இல்லாததால் அவர்களுக்குச் சொல்வதற்கும் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை கூட்டங்களுக்கு வருவதையே விட்டுவிட்டார். தங்களுக்கு அநியாயம் நடந்தது என்று இருவருமே சொன்னார்கள். இருவர் சொன்னதும் உண்மை.

அதன் பின்னர் ஒரு பெண் சட்டத்தரணியின் உதவியோடு கொள்கை ஒன்றை எழுத உட்கார்ந்தோம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனைக்கு இடமளித்திருக்கிறது என்பதையும், அதிகாரம் உள்ளவர் வேலைத்தலத்தில் மட்டுமல்லாமல் வேறெந்த இடத்தில் செய்தாலும் அது குற்றமே என்பதையும் அவர்தான் எங்களுக்கு விளக்கினார். சம்பளம் இல்லாத இடத்தில் சட்டமும் இல்லை என்று அதுவரை எண்ணியிருந்தோம். பொலிசுக்குப் போவதா இல்லையா என்பது முறைப்பாட்டாளரின் தெரிவு. போ என்று தள்ளவோ, போராட்டத்தின் பெயர் கெட்டுவிடும் என்று தடுக்கவோ எங்களுக்கு உரிமையில்லை. எங்களால் தீர்மானிக்கக்கூடியது, ஒருவர் எங்களோடு தொடர்ந்து வேலை செய்யலாமா என்பதை மட்டுமே. அதற்கு நீதிமன்றம் கேட்கும் அளவு நிரூபணம் தேவையில்லை, ‘நடந்திருக்கவே கூடும்’ என்ற பக்கம் தராசு சாய்ந்தால் போதும் என்றார். ஆனால் தராசின் இரண்டு தட்டும் காலியாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

நாங்கள் அதிக நேரம் வாதாடியது, விசாரணைக்குழுவில் அமைப்பைச் சேராத வெளியாள் ஒருவரைச் சேர்ப்பது பற்றித்தான். எங்கள் பிரச்சினையை வேற்று ஆளிடம் ஏன் கொண்டுபோக வேண்டும் என்று சிலர் வருந்தினார்கள். பிரித்தானியாவின் சோசலிசத் தொழிலாளர் கட்சி, தன் தலைவர்களில் ஒருவர் மீதான வல்லுறவு முறைப்பாட்டை அவரை நன்கு அறிந்த உறுப்பினர்கள் இருந்த குழுவைக் கொண்டே விசாரித்ததும், 2013 ஜனவரி மாநாடு அந்தக் குழுவின் அறிக்கையை மிகச் சிறு வித்தியாசத்தில் ஏற்றுக்கொண்ட பிறகு நூற்றுக்கணக்கானோர் கட்சியை விட்டு வெளியேறியதும் அந்த வாதத்தில் எனக்குக் கைகொடுத்தன. வேலைத்தலப் பாலியல் தொந்தரவு பற்றிய இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு உள்ளக விசாரணைக் குழுவிலும் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்வதும் இந்தக் காரணத்துக்காகவே. அன்புள்ளவர்கள் தீயவர்கள் அல்லர். ஆனால் அன்பு வைத்தவரை விசாரிக்க அவர்களால் முடியாது. என்னாலும் முடியவில்லை.

கொக்குவிலிலிருந்து:

மேலே எழுதிய அக்காவின் சொற்களை வாசித்தபோது என் நிலைமை நினைவுக்கு வந்தது. நான் முறைப்பாடு செய்யப்பட்ட பக்கத்தில் இருந்தவன். காணி விடுவிப்புப் போராட்டங்களில் வேலை செய்த ஒரு குழுவிலிருந்து என்னை நீக்கியபோது, ‘தகாத செய்திகள்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே எனக்குச் சொல்லப்பட்டன. எந்தச் செய்தி என்று பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நண்பர் மூலம் அறிந்து, அதைத் திரும்ப வாசித்தபோது, அது தகாததுதான் என்று எனக்கே புரிந்தது. அதைப் பெற்ற பெண் பதில் எழுதாத பிறகும் இரவில் தொடர்ந்து எழுதியிருந்தேன். அன்றைக்கே அதைக் காட்டியிருந்தால் ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். காட்டாததால், பொய்க்குற்றம் சுமத்தினார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், அந்தப் பேச்சால் மேலும் காயப்பட்டவர் அந்தப் பெண்தான். குற்றம் என்னுடையது, ஆனால் முறையான விசாரணை நடந்திருந்தால் அவருக்கு அந்த இரண்டாவது காயம் ஏற்பட்டிருக்காது.

சாவகச்சேரியிலிருந்து:

இரண்டு பதிவுகளையும் மதிக்கிறேன், ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அமைப்பில் எழுதிய கொள்கை இருந்தது, வெளியாளும் இருந்தார். நான் முறைப்பாடு கொடுத்து எட்டு மாதங்கள் ‘விசாரணை நடக்கிறது’ என்ற பதிலையே கேட்டேன். இடையில் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து, இணக்க சபையில் காணிச் சண்டை தீர்ப்பதைப் போல, இரண்டு பேரையும் இருத்திக் கதைத்துச் சமாதானமாகப் போகலாம் என்று அம்மாவிடம் கேட்டார். நடந்ததை ஐந்து பேரிடம் ஐந்து தடவைகள் திரும்பச் சொன்னேன். முறைப்பாட்டுக்கு உள்ளானவர் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வந்தார்; அதனால் நான் போகவில்லை. அவருக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை, அது அவருடைய உரிமை. ஆனால் அந்த அவகாசத்தின் விலையை என்னிடமிருந்தே அறவிட்டார்கள்.

திருநெல்வேலியிலிருந்து, மீண்டும்:

தங்கச்சி சொன்னது எங்கள் கொள்கையில் இருந்த ஓட்டையைக் காட்டியது. சென்ற ஞாயிறு மூன்று திருத்தங்களைச் சேர்த்தோம். முறைப்பாட்டாளர் சொல்வதை ஒரே தடவையில், அவருடைய சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பம் பெறவேண்டும். பிறகு எவரும் அவரிடம் கதையைத் திரும்பக் கேட்கக்கூடாது. விசாரணை முடியும்வரை விலகி இருக்கவேண்டியவர் முறைப்பாட்டாளர் அல்லர், மற்றவரே. அது தண்டனை அல்ல என்பதும் அவருக்கு எழுத்தில் கொடுக்கப்படும். நாற்பத்தைந்து நாட்களுக்குள் காரணங்களோடு முடிவு சொல்லவேண்டும், தவறினால் கோப்பு வெளியாளிடம் போகும். சமாதானப் பேச்சு என்ற சொல்லை முழுவதுமாக நீக்கிவிட்டோம்.

வானில் வரமாட்டன் என்று சொன்ன அந்தப் பிள்ளைக்கும், நாங்கள் கேளாமலே நீக்கியவருக்கும், எங்கள் நடைமுறை பிழையானது என்பதை ஒப்புக்கொண்டு தனித்தனியே கடிதம் எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். முறைப்பாட்டை மறுபடி எடுக்கவேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்று பிள்ளையின் கடிதத்தில் மட்டும் ஒரு பந்தி கூடுதலாக இருக்கிறது. அதை அவருடைய சித்தியிடம் கொடுத்து இரண்டு கிழமைகள் ஆகின்றன.