ஒன்றேகால் ஏக்கர் மனைக்கு எந்த ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி) பொருந்தும்?

பைன்மரத்தடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகள் வட கரோலினாவின் கேரி நகரில் டவுன்ஹவுஸ் ஒன்றில் வசித்துவிட்டு, கடந்த டிசம்பரில் ராலேவுக்குத் தெற்கே ஒன்றேகால் ஏக்கர் மனையோடு கூடிய வீட்டுக்குக் குடிவந்தோம். நம் ஊர்க் கணக்கில் 125 சென்ட். வீடு, கார் வரும் பாதை, பின்புறத்து மரக்காடு ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ ஒரு ஏக்கர் புல் வெட்ட வேண்டியிருக்கிறது. டவுன்ஹவுஸில் புல்வெட்டும் வேலையை வீட்டு உரிமையாளர் சங்கமே பார்த்துக்கொண்டதால், இதில் எனக்கு அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

பழைய வீட்டுக்காரர் விட்டுச்சென்ற தள்ளுவண்டி மோவரைக் கொண்டு மார்ச் மாதக் கடைசியில் முதன்முறையாக வெட்டினேன். 21 அங்குல அகலம்தான் என்பதால் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது மதியம் இரண்டு மணிக்கு முடிந்தது. அடுத்த வாரமே மழை பெய்து, ஃபெஸ்க்யூ புல் மீண்டும் கணுக்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது. ஆள் வைத்து வெட்டக் கேட்டால் ஒரு தடவைக்கு 110 டாலர் என்கிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை என்று கணக்கிட்டால் ஓராண்டுச் செலவிலேயே ஒரு நல்ல வண்டி வாங்கிவிடலாம் எனத் தோன்றியது.

என் மனையைப் பற்றிய விவரம்: முன்புறம் சமதளம், ஆனால் ஏழெட்டு பைன் மரங்களும் அவற்றின் வேர்களும் இடையிடையே உள்ளன. பின்புறம் ஓடையை நோக்கிச் சரிகிறது. மண் இங்கே எல்லோருக்கும் தெரிந்த செங்களிமண். மழைக்குப் பின் இரண்டு நாள் வழுக்கும். பின்புறத்துக்குச் செல்ல வேலியில் ஒரே ஒரு வாயில்தான் இருக்கிறது. 3,500 டாலர் வரை செலவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். கடையில் பார்த்தபோது 42 அங்குல அகலம் வெட்டும், சிறு டிராக்டரைப் போல ஸ்டீயரிங் வைத்த டிராக்டர் வகையும், அதே அகலத்தில் ஜீரோ டர்ன் வகையும் அருகருகே நின்றன. ஜீரோ டர்ன் வண்டி நின்ற இடத்திலேயே சுழல்வதைக் கண்டு மகனும் நானும் அதன்மேல் ஆசைப்பட்டுவிட்டோம். பேட்டரியில் ஓடுவதும் ஒன்று இருந்தது. இவற்றில் எதை வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஏரிக்கரை (மறுமொழி)

வணக்கம். நான் ஜார்ஜியாவின் வடபகுதியில் பதினோரு ஆண்டுகளாக ஒன்றரை ஏக்கரை நானே வெட்டிவருகிறேன். முதல் ஐந்தாண்டுகள் ஜீரோ டர்ன் வைத்திருந்தேன். இப்போது டிராக்டர் வகை. ஏன் மாற்றினேன் என்பதைச் சொன்னாலே தங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என நினைக்கிறேன்.

கடையில் நிற்கும் வண்டியைப் பார்ப்பதற்கு முன் தங்கள் பின்புறச் சரிவை அளந்து பாருங்கள். நேரான பலகை ஒன்றைச் சரிவின் போக்கில் புல்மேல் கிடத்தி, அதன்மேல் கைப்பேசியை வைத்து, அதிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் எத்தனை டிகிரி என்று காட்டும். ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. மேலே, நடுவே, ஓடைக்கு அருகே என நாலைந்து இடங்களில் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கான பெரும்பாலான ரைடிங் மோவர்களின் கையேட்டில் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். பத்தடி தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி இறங்கினால் அதுதான் 15 டிகிரி. கண்ணுக்கு அது பெரிய சரிவாகவே தெரியாது என்பதால்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

ஜீரோ டர்ன் வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டும் கடையில் நாம் தள்ளும் சாமான் வண்டியின் சக்கரங்களைப் போலத் தாமாகச் சுழல்பவை. அவற்றுக்குத் திருப்பும் வேலையும் இல்லை, நிறுத்தும் வேலையும் இல்லை. வண்டியை ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது ஆகிய மூன்றையும் பின்சக்கரங்கள் இரண்டே செய்கின்றன. எனவே ஈரப்புல்லில் அந்த இரண்டு சக்கரங்களும் பிடி இழந்தால், திருப்பும் வசதியும் நிறுத்தும் வசதியும் ஒரே நொடியில் போய்விடும்.

எனக்கு அது நேர்ந்தது. பனி காயாத ஒரு காலைப்பொழுதில் ஏரியை நோக்கிய சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் வழுக்கியதும் இரண்டு நெம்புகோல்களையும் பின்னுக்கு இழுத்தேன். சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின, வண்டியோ முன்னோக்கியே போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்கு நாலைந்து அடி முன்னால் ஒரு கற்குவியலில் முட்டி நின்றது. டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டின்) முன்விளிம்பு உள்நோக்கி மடங்கிப்போனதே தவிர எனக்கு அடி ஒன்றுமில்லை. அன்று மாலையே அந்தச் சரிவில் இனி அந்த வண்டியை இறக்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

டிராக்டர் வகையிலும் வழுக்கல் உண்டு. ஆனால் ஸ்டீயரிங் முன்சக்கரங்களைத் திருப்புவதால், ஓரளவாவது வண்டியின் போக்கு நம் கையில் இருக்கும். அதைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்காக ஓட்டினால் கவிழும் ஆபத்து அதிகம். தள்ளுவண்டிக்கு இதற்கு நேர்மாறு: நாம் சறுக்கி விழுந்தாலும் கால் பிளேடுக்கு அடியில் போய்விடாதிருக்கச் சரிவில் குறுக்காகவே தள்ள வேண்டும். எந்த வண்டியானாலும் அதன் கையேடு சொல்வதே முதன்மை.

முன்புறத்துப் பைன் மரங்களைப் பொறுத்தவரை ஜீரோ டர்ன் உண்மையிலேயே வசதியானது என்பதை மறுக்க மாட்டேன். மரத்தை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு புல்கூட மிஞ்சாது. டிராக்டரில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை டிரிம்மர் கொண்டு வெட்ட வேண்டும். ஏழெட்டு மரங்களுக்கு அது பத்து நிமிட வேலை. மரங்களுக்காகச் சரிவில் ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இரும்புப்பட்டறை (மறுமொழி)

ஏரிக்கரை அவர்கள் கூறியதை அப்படியே வழிமொழிகிறேன். வகை முடிவானபின் கவனிக்க வேண்டியவற்றை, ஓகையோவில் சொந்தமாகப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் எஞ்சினின் குதிரைத்திறனைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒரு ஏக்கருக்குக் கடையில் உள்ள எல்லா எஞ்சினும் போதும். பிரிக்ஸ், கோலர், கவாசாகி எதுவானாலும் எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் பல ஆண்டு உழைக்கும். இரட்டைச் சிலிண்டர் கிடைத்தால் அதிர்வு குறைவாக இருக்கும், அவ்வளவே. உண்மையில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது பின்னச்சில் உள்ள ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன். கியர் மாற்றாமல் பெடலை அழுத்தி வேகம் கூட்டிக் குறைக்கும் வசதி அதனால்தான் கிடைக்கிறது. உள்ளே எண்ணெயின் அழுத்தமே சக்கரத்தைச் சுழற்றுகிறது. மலிவு விலை வண்டிகள் பலவற்றில் இது மூடி முத்திரையிட்டதாக வரும், எண்ணெயை மாற்றத் திருகுகூட இருக்காது. சமதளத்தில் அது குறையின்றி ஓடும். நாள்தோறும் மேட்டில் ஏற்றி, பின்னால் ட்ரெய்லரில் மண்ணும் கட்டி இழுத்தால், எண்ணெய் சூடேறி இளகி, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பெடலை முழுக்க அழுத்தினாலும் வண்டி தவழத் தொடங்கும். என் முதல் வண்டி ஆறாவது ஆண்டில் அப்படித்தான் மேட்டின் பாதியில் நின்றுவிட்டது. புதிய டிரான்ஸ்மிஷனின் விலையைக் கேட்டபோது பழைய வண்டி ஒன்றையே வாங்கிவிடலாம் போலிருந்தது. தங்களுக்கும் சரிவு உண்டு என்பதால், எண்ணெய் மாற்றக்கூடிய டிரான்ஸ்மிஷன் உள்ள மாதிரி எது என்று விற்பவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். புதிதாக வாங்கினால் அது தங்கள் தொகையைத் தாண்டக்கூடும். அத்தகைய வண்டியைப் பழையதாக, ஓடிய மணிக்கணக்கு குறைவாக உள்ளதாகப் பார்ப்பது நல்லது. மீட்டரில் 200 மணி நேரத்துக்குள் காட்டினால் தயங்க வேண்டாம், ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் சரிவான இடத்தில் ஏற்றிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் எல்லா டிரான்ஸ்மிஷனும் நன்றாகவே இழுக்கும்.

அடுத்தது டெக். ஒரே தகட்டை அழுத்தி வடித்தது ஒரு வகை, தடித்த தகடுகளை வெட்டிப் பற்றவைத்தது இன்னொரு வகை. தகட்டின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 10 கேஜ் தகடு 13 கேஜைவிடத் தடிப்பானது. வேரும் பைன் காயும் அடிக்கும் இடத்தில் தடித்த தகடு நல்லதுதான், ஆனால் டெக்கை அழிப்பது பெரும்பாலும் அடியில் ஒட்டி ஊறும் ஈரப்புல். வெட்டி முடித்து அதைச் சுரண்டி எடுப்பவருக்கு மெல்லிய தகடே பதினைந்து ஆண்டு வரும்.

எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். வண்டி ஏறத்தாழ இரண்டு குவிண்டால் எடை இருக்கும். காரில் ஏற்றி எடுத்துச்செல்ல முடியாது. பழுதானால் வீட்டுக்கே வந்து ஏற்றிச்செல்லும் டீலர் பக்கத்தில் இருந்தால், பெரிய கடையைவிட இருநூறு டாலர் கூடுதலானாலும் அவரிடமே வாங்குவேன். மே மாதத்தில் பெல்ட் அறுந்து மூன்று வாரம் காத்திருந்தவர்களுக்கு அந்த இருநூறு டாலரின் அருமை தெரியும்.

வெள்ளிநிலா (மறுமொழி)

பேட்டரி வண்டியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளாக லித்தியம் பேட்டரியில் ஓடும் ஜீரோ டர்ன் வைத்திருக்கிறேன்; எங்கள் மனை முக்கால் ஏக்கர், மேசையைப் போலச் சமமானது. சத்தம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவில்லை. எண்ணெய், பெட்ரோல், வடிகட்டி என்று எந்த வேலையும் கிடையாது. பிளேடைத் தீட்டுவது மட்டும்தான். ஆனால் புல் உயர்ந்தும் ஈரமாகவும் இருந்தால் மின்சாரம் விரைவில் தீர்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் தவறவிட்டு வெட்டியபோது முன்புறம் முடிவதற்குள்ளேயே சார்ஜ் செய்ய நிறுத்தினேன். ஒரு ஏக்கரும் சரிவும் இருக்கும் இடத்தில் தங்கள் தொகைக்குள் கிடைக்கும் பேட்டரி வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செம்பருத்தி (மறுமொழி)

தங்கள் கேள்வியில் மகனைப் பற்றிய ஒரு வரி இருந்தது. அவருக்கு என்ன வயது என்று எழுதவில்லை. மடியில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக்காட்டும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரைடிங் மோவரை ஓட்டக் குறைந்தது 16 வயதாக வேண்டும் என்றும், ஓட்டுபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் அறிவுறுத்துகிறது. பின்னோக்கிச் செல்லும்போது நம் பின்னால் ஓடிவரும் குழந்தை கண்ணில் படாது. அதனால்தான் ரிவர்ஸில் பிளேடு தானாக நின்றுவிடும்படி வண்டியை அமைத்திருக்கிறார்கள்; அதை மீறி ஓட்டுவதற்கென்று ஒரு பொத்தானும் இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பொத்தானை யாரும் தொடுவதில்லை என்பது சட்டம். நான் வெட்டும்போது பிள்ளைகள் இருவரும் வீட்டுக்குள் இருப்பார்கள்; சன்னல் வழியாகக் கையசைப்பதோடு சரி.

இன்னொன்று: வேலி வாயிலின் அகலத்தை அளந்தீர்களா? 42 அங்குலம் என்பது பிளேடுகள் வெட்டும் அகலம் மட்டுமே. வலப்பக்கத்தில் புல்லை வெளியே தள்ளும் வாய்மூடியையும் சேர்த்தால் நான்கடியைத் தாண்டும்.

பைன்மரத்தடி (மறுமொழி)

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலை பலகையும் கைப்பேசியுமாகப் பின்புறத்தில் இறங்கினேன். மேற்பகுதி 6 டிகிரி, நடுப்பகுதி 11, ஓடைக்கு முந்தைய பதினைந்தடி அகலப் பட்டையில் மட்டும் 18 காட்டியது. நான் அதைச் சமதளத்துக்குச் சற்றுக் குறைவானது என்றே இதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டையில் இனி எந்த வண்டியையும் இறக்கப்போவதில்லை. புல்லை எடுத்துவிட்டு, மண்ணைப் பிடித்துவைக்கும் புதர்ச்செடிகளை இலையுதிர் காலத்தில் நடலாம் என்று மனைவி கூறியிருக்கிறார்.

வாயிலின் அகலம் 47 அங்குலம். டீலரிடம் சென்று 42 அங்குல டிராக்டர் ஒன்றை அளந்துபார்த்தேன். வாய்மூடியை மேலே தூக்கினால் இருபுறமும் ஓர் அங்குலம் மிச்சம்வைத்து நுழையும். மகனுக்கு ஒன்பது வயது. செம்பருத்தி அவர்கள் எழுதியதை அவனையே உரக்கப் படிக்கச் சொன்னேன். ஏமாற்றம்தான், ஆனாலும் புரிந்துகொண்டான்.

டீலரிடம் எண்ணெய் மாற்றும் வசதியுள்ள டிரான்ஸ்மிஷனுடன், 140 மணி நேரம் ஓடிய பழைய டிராக்டர் ஒன்று 3,100 டாலருக்கு இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கியபின் கடைக்குப் பின்னால் உள்ள மேட்டில் இரண்டு முறை ஏற்றினேன், தளரவில்லை. வாங்குவதற்கு முன் ஒரே ஒரு ஐயம்: ஃபெஸ்க்யூ புல்லுக்கு டெக்கை எந்த உயரத்தில் வைக்க வேண்டும்?

ஏரிக்கரை (மறுமொழி)

மூன்றிலிருந்து மூன்றரை அங்குலம் வையுங்கள். கோடையில் அதற்குக் கீழே இறக்கவே வேண்டாம். தாழ வெட்டினால் வேர் சூட்டில் காய்ந்து, வெற்றிடத்தில் களை முளைத்துவிடும். ஒரு தடவையில் புல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பதால், மழையில் அதிகமாக வளர்ந்துவிட்டால் முதலில் நான்கு அங்குலத்தில் வெட்டி, மூன்று நாள் கழித்து இறக்குங்கள். வாயிலைக் கடந்ததும் வாய்மூடியைக் கீழே இறக்கியபின்னரே பிளேடை ஓடவிடுங்கள். தூக்கியபடி ஓட்டினால் பைன் காய்கள் கல்லைப் போலப் பறக்கும்.