புதுப்பிப்பு: உழவுக்கு நடுவே இருந்த ஆள்காட்டிக் கூடு

கோடை உழவுக்கு டிராக்டர் வந்த அன்று, வயல் நடுவே ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டை இட்டிருந்ததையும், அவற்றை வரப்புக்கு மாற்றலாமா என்று கேட்டதையும் போன மாதம் எழுதியிருந்தேன். நல்லவேளை, மாற்றவில்லை. சுற்றிக் குச்சி நட்டு, பத்தடிக்குப் பத்தடி விட்டு உழுதோம். டிரைவர் அண்ணன் முதலில் சலித்துக்கொண்டார். அப்புறம் அவரே இறங்கிக் குச்சிகளில் சிவப்புத் துணி கட்டினார்.

கூடு என்றால் வெறும் தரைப்பள்ளம்தான். சில கூழாங்கற்கள், மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகள். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் தாய் வாய்க்காலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்ததைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டேன்.

அடைகாக்க ஏறக்குறைய நான்கு வாரம். நேற்று மூன்று பொரிந்தன. இறகு காய்ந்ததும் குஞ்சுகள் தாய் பின்னாலேயே ஓடுகின்றன! நான்காவது முட்டை அப்படியே இருக்கிறது. விட்ட இடத்தை அடுத்த வாரம் உழுதுகொள்வோம்.