எத்தனாலில் கரைத்து மீட்ட ஆர்ஜிரோடைட்: கடத்துத்திறன் ஏன் இப்படி விழுகிறது?

வடிதாள் (கேள்வி):

முனைவர் பட்டத் தலைப்பு, திடநிலை பேட்டரியின் மின்பகுளியைப் பழைய செல்லிலிருந்து மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது. பொருள், குளோரைடு வகை லித்தியம் ஆர்ஜிரோடைட் (லித்தியம், பாஸ்பரஸ், சல்ஃபர், குளோரின் சேர்ந்த சல்ஃபைடு மின்பகுளி). செய்முறை இது: கிளவ்பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) 300 மி.கி. பொடியை 6 மி.லி. அப்சல்யூட் எத்தனாலில் (99.5%) போட்டு, இரவு முழுக்கக் கலக்கி, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, 80 டிகிரியில் வேக்குவத்தில் உலர்த்தியது. முதல் பொடி 2 மில்லிசீமன்ஸ்/செ.மீ. கடத்துத்திறன் காட்டியது, மீட்ட பொடி 0.04 தான். எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) 25.5, 30, 31.4 டிகிரி கோணங்களில் வரும் பீக்குகள் மூன்றும் இருக்கின்றன, ஆனால் அகலமாக. ஃபேஸ் (பழைய படிக அமைப்பு) திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் கடத்தவில்லை?

இன்னொன்று: தண்ணீரிலேயே கரையும் ஹாலைடு வகை மின்பகுளிக்கு மாறச் சொல்கிறார் கைடு. மாறலாமா?

ஆர்கான்:

30 டிகிரி பீக்கை நம்ப வேண்டாம். லித்தியம் குளோரைடின் முதல் பீக்கும் 30.1-இல்தான் விழும். 34.9-ஐப் பாருங்கள், அங்கே ஆர்ஜிரோடைட்டுக்கு எதுவும் கிடையாது. ஏதாவது தெரிந்தால் குளோரைடு பிரிந்து நிற்கிறது. 27-இல் தெரிந்தால் லித்தியம் சல்ஃபைடு.

முதல் சந்தேகம் எத்தனால் மேல். 6 மி.லி. என்றால் சுமார் 4.7 கிராம். 99.5% பாட்டிலில் மீதி அரை சதவீதமும் தண்ணீர் என்று வைத்தால் 24 மி.கி., அதாவது 1.3 மில்லிமோல். உங்கள் 300 மி.கி. ஆர்ஜிரோடைட்டோ 1.1 மில்லிமோல்தான். ஒரு மூலக்கூறு அலகுக்கு ஒன்றுக்கு மேல் தண்ணீர்! பாதிப் பொருள் அங்கேயே ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் ஆக்சிசல்ஃபைடாகவும் (சல்ஃபர் இடத்தில் ஆக்சிஜன் புகுந்த சேர்மம்) போயிருக்கும். அதை 550 டிகிரியில் சுட்டாலும் திரும்ப வராது. 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவை (ஈரம் உறிஞ்சும் மணிகள்) 300 டிகிரியில் வேக்குவத்தில் உலர்த்தி, எத்தனாலில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். கார்ல் ஃபிஷர் சோதனையில் தண்ணீர் அளவு 50 பிபிஎம்முக்குக் கீழே வந்த பிறகே தொடுங்கள். அந்த அளவில் இழப்பு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான்.

அடுத்தது நேரம். இரவு முழுக்கக் கலக்கத் தேவையே இல்லை. ஆர்ஜிரோடைட்டில் உள்ள தயோபாஸ்பேட் (பாஸ்பரஸ்–சல்ஃபர்) அயனியை எத்தனாலே மெல்ல மெல்லத் தாக்கும். கரைந்ததும் வடித்து, உடனே ஆவியாக்குங்கள்.

மூன்றாவதுதான் 80 டிகிரி. அதில் போவது தளர்வான எத்தனால் மட்டும். லித்தியத்தோடு ஒட்டிய எத்தனால் அப்படியே இருக்கும், படிகங்களும் பொடிப்பொடியாகத்தான் நிற்கும். அகலமான பீக்குகளுக்கு அதுவே போதுமான காரணம். 80-இல் சில மணி நேரம், பிறகு 150–180 வரை மெதுவாக ஏற்றி வேக்குவத்திலேயே இரவு முழுக்க. அதன் பின் பெல்லட்டாக அழுத்தி, குவார்ட்ஸ் குழாயில் வேக்குவத்தில் சீல் செய்து, 550 டிகிரியில் 5 மணி நேரம். சீல் செய்யாமல் ஆர்கான் வாயு ஓட்டத்தில் சுட்டால் சல்ஃபர் பறந்துவிடும்.

நடுப்படியைத் தாண்டிக் குதித்தால் இரண்டு வில்லங்கம்: மிச்ச எத்தனாலின் அழுத்தத்தில் குழாய் வெடிக்கலாம், வெடிக்காவிட்டால் அது கருகிக் கார்பனாகிப் பொடி கறுக்கும். கறுத்த பொடியின் இம்பீடன்ஸ் அழகாகத்தான் வரும், ஏனென்றால் எலக்ட்ரானும் சேர்ந்து ஓடுகிறது. டிசி போலரைசேஷன் (எலக்ட்ரான் கடத்தலை மட்டும் பிரித்து அளக்கும் சோதனை) செய்யாமல் அந்த எண்ணைக் கட்டுரையில் போடாதீர்கள்.

அளவீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். 10 மி.மீ. டையில் 100 மி.கி., 370 மெகாபாஸ்கலில் அழுத்தினால் தடிமன் ஏறக்குறைய 0.8 மி.மீ. வரும். 2 மில்லிசீமன்ஸ் பொருளுக்கு மின்தடை 50 ஓம் சுற்றி இருக்க வேண்டும். அந்த அளவில் கேபிளும் காண்டாக்ட்டும் சேர்க்கும் 5 ஓம் கூடப் பத்து சதவீதப் பிழை.

குவார்ட்ஸ்:

மேலே சொன்னது எல்லாம் சரி. பாதுகாப்பு விஷயம் ஒன்று விட்டுப்போச்சு. வேக்குவம் பம்புக்கு முன்னாடி இருக்கிற கோல்ட் ட்ராப்பில் (ஆவியைக் குளிரவச்சுப் பிடிக்கிற குடுவை) எத்தனாலோட ஹைட்ரஜன் சல்ஃபைடும் உறைஞ்சு நிக்கும். அதை வெளியே மேசையில் வச்சுத் திறக்காதீங்க, ஃப்யூம் ஹூட்டுக்குள்ளதான். பம்ப் வெளியேற்றத்தைக் காப்பர் சல்ஃபேட் கரைசல் வழியா விடுங்க. கறுப்பாகப் படிஞ்சா வாயு வருதுன்னு கண்ணுக்கே தெரியும். மூக்கை நம்பக் கூடாது, 100 பிபிஎம் பக்கம் போனா வாசனையே தெரியாம மரத்துப்போகும். 10 பிபிஎம்மில் அலறுகிற சென்சார் சட்டையிலேயே இருக்கட்டும்.

மின்மறுப்பு:

புதுப் பொடியைக் கரைத்துத் திரும்ப எடுத்ததை ‘மறுசுழற்சி’ என்று தேர்வாளர்கள் ஏற்க மாட்டார்கள். ஓடி முடித்த செல்லில் என்ன நடக்கிறது என்பதில்தான் ஆராய்ச்சியே இருக்கிறது.

லித்தியம் உலோக ஆனோடு இருந்தால், செல்லை முழுக்க டிஸ்சார்ஜ் செய்து ஆர்கான் வாயுவுக்குள் திறந்து, அந்த உலோகத்தை முதலில் உரித்தெடுங்கள். ஒரு துணுக்கு எத்தனாலில் விழுந்தாலும் ஹைட்ரஜன் வரும். கூடவே உண்டாகும் லித்தியம் எத்தாக்சைடு வடிநீரில் கலந்து லித்தியம் விகிதத்தைக் கெடுக்கும்.

அடுத்து பைண்டர் (பொடிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பாலிமர்). உலர்முறை எலக்ட்ரோடில் பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) இழைகள் இருக்கும். அவை எத்தனாலில் கரையாமல் என்எம்சியோடு (நிக்கல்–மாங்கனீஸ்–கோபால்ட் கேத்தோடு பொருள்) ஃபில்டரிலேயே தங்கும். பிறகு என்எம்சியைச் சுடும்போது சிதைந்து, லித்தியத்தைப் பிடித்து லித்தியம் ஃப்ளூரைடாக்கும். பிஎஃப்ஏஎஸ் (சூழலில் சிதையாமல் தங்கும் ஃப்ளூரின் சேர்மங்கள்) வகைப் பொருள் வேறு, ‘பாதுகாப்பான’ என்று தலைப்பில் போட முடியாது. பாலிஐசோபியூட்டிலீன் வைத்து செல் செய்தால் காரியம் சுலபம்: முதலில் உலர்ந்த ஹெப்டேனில் கழுவிப் பைண்டரை எடுங்கள், ஆர்ஜிரோடைட் அதில் கரையாது. பிறகு எத்தனால். ஃபில்டரில் மிஞ்சுவது என்எம்சி, கார்பன், என்எம்சி மேல் பூசிய நியோபேட் கோட்டிங். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

‘திடநிலை என்றால் தீப்பிடிக்காது’ என்று முன்னுரையில் எழுதிவிடாதீர்கள். சார்ஜ் ஆன என்எம்சி சூடாகி விடும் ஆக்சிஜன் சல்ஃபைடோடு சேர்ந்தால் வெப்பமும் சல்ஃபர் டைஆக்சைடும் வரும். சார்ஜ் செய்த கேத்தோடு கலவையையே டிஎஸ்சியில் (சூடாக்கும்போது வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) வையுங்கள். தனி மின்பகுளியின் வரைபடம் எதையும் நிரூபிக்காது.

வடிதாள்:

34.9-இல் சிறு பீக் இருக்கிறது, இரைச்சல் என்று விட்டிருந்தேன். அப்படியானால் ஹாலைடு?

ஆர்கான்:

லித்தியம் இண்டியம் குளோரைடு தண்ணீரில் கரைந்து ஹைட்ரேட்டாகும். வேக்குவத்தில் 200 டிகிரிக்கு மெதுவாகக் கொண்டுபோனால் திரும்பும். இட்ரியம் வகை அப்படித் திரும்பாது, நீரில் பிளந்து, உலர்த்தச் சூடாக்கும்போது ஆக்சிகுளோரைடாகிவிடும். இண்டியம் அரிது, விலையும் அதிகம். அது லித்தியம் உலோகத்தைத் தொட்டால் ஒடுக்கமடையும் என்பதால் நடுவில் ஆர்ஜிரோடைட் அடுக்கு எப்படியும் வேண்டும். அப்போது செல்லில் இரண்டு மின்பகுளி. இரண்டுமே எத்தனாலில் கரையும், பிரிக்கும் வேலை இரட்டிப்பாகும். கைடிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எதை எடுத்தாலும், ஒரே பொடியைத் தொடர்ந்து மூன்று முறை மீட்டு, ஒவ்வொரு முறையும் எடையில் எவ்வளவு திரும்பியது, அயனிக் கடத்துத்திறன், எலக்ட்ரான் கடத்துத்திறன் மூன்றையும் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பொடியைத் தனியே எடுத்து வையுங்கள், பாஸ்பரஸ் என்எம்ஆருக்கு (பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி என்ன பிணைந்திருக்கிறது என்று காட்டும் சோதனை). எக்ஸ்ஆர்டியில் தெரியாத படிகமற்ற ஆக்சிசல்ஃபைடு அதில்தான் சிக்கும்.