வலையை அறுத்தவரை மன்னித்துவிட்டால் நஷ்டஈடு கேட்கக் கூடாதா?

நண்டுவலை:
பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக் குடும்பம் எங்களுடையது. ஊர்ப்பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். தை மாதக் கடைசியில் அண்ணன் சாயங்காலம் நண்டு வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தார். விடியலில் போய்ப் பார்த்தால் கொடிக்கம்பு மட்டும் தனியாக மிதக்கிறது. கயிற்றின் நுனி பிய்ந்து பஞ்சு பஞ்சாக இருந்தது. கத்தி பட்டால் அப்படி ஆகாது, விசைப்படகு இழுக்கும் மடிவலையின் பலகை மாட்டி இழுத்தால்தான் அப்படி ஆகும். தேடி எடுத்த மிச்ச வலையும் சேறும் பாசியுமாக முறுக்கிக் கிடந்தது. கூட்டிக் கழித்தால் 80,000 ரூபாய் போச்சு.

எந்தப் படகு என்று பக்கத்தில் வலை விட்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படகு முதலாளி எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். "எங்கள் படகு அந்தப் பக்கமே போகவில்லை" என்கிறார். மீன்துறையில் மனு கொடுத்தோம், ஊர்க் கமிட்டியிலும் சொன்னோம். இப்போது தவக்காலம். பாவமன்னிப்புக்கான ஒப்புரவு வழிபாட்டில் பங்குச் சாமியார் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "மன்னித்துவிடு, மனுவையும் திரும்ப வாங்கிக்கொள், பாஸ்காவுக்குள் (ஈஸ்டருக்குள்) சமாதானமாகிவிடுங்கள்" என்றார். அம்மாவும் அதையே சொல்கிறார். அண்ணன் சொல்வது: "மன்னித்துவிட்டேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் வலைக்குக் காசு வந்தாக வேண்டும்."

வீட்டில் ரெண்டு கட்சியாகிவிட்டது. அண்ணன் பேசுவது கிறிஸ்தவப் பேச்சா இல்லையா?

ஓரியூர்_மண்:
தம்பி, உங்கள் அண்ணன் மன்னிக்கவில்லை. கோபத்தை விட்டிருக்கிறார், அவ்வளவுதான். மத்தேயு 18-ஐ எடுத்துப் பாருங்கள். ஏழு தடவை போதுமா என்று பேதுரு கேட்கிறார். எழுபது தடவை ஏழு முறை என்று சொல்லிவிட்டு இயேசு உடனே சொல்கிற கதை எதைப் பற்றியது? கடனைப் பற்றியது. ஓர் ஊழியன் பட்ட 10,000 தாலந்து என்ற பெருங்கடனை அரசன் ரத்து செய்கிறான். "உன் மேல் எனக்கு வருத்தமில்லை, பணத்தை மட்டும் மாசாமாசம் கட்டிவிடு" என்று சொல்லவில்லை.

வெளியே வந்த அந்த ஊழியனுக்கு இன்னொருவன் தர வேண்டியது 100 தெனாரியம், அதை விட மறுத்துத்தான் அவன் தண்டனை வாங்குகிறான். அந்த நூறைச் சில்லறைக் காசு என்றே எல்லாரும் பிரசங்கம் வைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி, திராட்சைத் தோட்ட உவமையில் பார்க்கலாம். அப்படியென்றால் நூறு நாள் உழைப்பு. உங்கள் வலையின் விலையும் கிட்டத்தட்ட அந்த அளவுதானே? வலிக்கிற தொகையைத்தான் விடச் சொல்கிறார் ஆண்டவர்.

பாசிக்காரி:
ஐயா, கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு கடன்காரர்களும் காலில் விழுந்து, "பொறுத்துக்கொள்ளும், கொடுத்துவிடுகிறேன்" என்று கெஞ்சுகிறார்கள். "நான் வாங்கவே இல்லை" என்று ஒருவனும் சொல்லவில்லை. இங்கே முதலாளி அந்தப் பக்கமே போகவில்லை என்கிறார். இல்லாத கடனை எப்படி ரத்து செய்வது?

இன்னொன்று. நான் பாசி எடுக்கப் போகிறவள். எங்கள் பெண்கள் கூட்டத்தில், குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் "மன்னித்துக்கொள் மகளே" என்பதுதான் முதல் வார்த்தையாக வரும். அடித்தவனைக் கூப்பிட்டு யாரும் பேசுவதில்லை. மன்னிப்பு எப்போதும் கீழே இருக்கிறவன்தான் மேலே இருக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. விசைப்படகு முதலாளியின் வலையை நாட்டுப்படகுக்காரன் அறுத்திருந்தால் சாமியார் இதையே சொல்லியிருப்பாரா? திருவிழாச் செலவுக்கு யார் கை நீளுகிறது என்று ஊருக்கே தெரியும்.

ஓரியூர்_மண்:
சாமியார் மனசில் இருப்பதை நாம் ஏன் அளக்க வேண்டும் அம்மா? அடிபடுகிற பெண்ணை அங்கேயே கிட என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது வேறு வழக்கு, உயிர் சம்பந்தப்பட்டது. நான் பேசுவது காசைப் பற்றி.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். சிலுவையில் ஆணி அடித்தவர்கள் ஒத்துக்கொண்டார்களா? அவர்கள் கேட்பதற்கு முன்பே "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று ஜெபித்தார். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானும் கல் விழும்போதே அப்படித்தான் ஜெபித்தார்.

சும்மா_பார்க்கிறேன்:
"தாங்கள் செய்வது இன்னதென்று தெரியாமல் செய்கிறார்கள்" என்றும் சேர்த்துத்தானே ஜெபித்தார்? ஜிபிஎஸ்-ல் இடம் குறித்து வருகிறவர்களுக்குத் தெரியாதா என்ன!

ஊழியன்:
நான் கத்தோலிக்கன் இல்லை, சிஎஸ்ஐ. லூக்கா 17:3 எடுத்துப் பாருங்கள். சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், மனம் வருந்தினால் மன்னித்துவிடு. வரிசை அதுதான். மத்தேயு 18-லும் பேதுருவின் கேள்விக்கு முன்னால் இருக்கும் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. முதலில் நீயே போய்த் தனியாகப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். குற்றத்தை எடுத்துப் பேசாமல் மன்னிப்புக்குத் தாவச் சொல்கிற வசனத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம் வரிதண்டுகிற சகேயு. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் "இந்த வீட்டிற்கு மீட்பு வந்தது" என்கிறார் ஆண்டவர். "அதெல்லாம் வேண்டாம், விடு" என்று சொல்லவில்லை.

நண்டுவலை:
அண்ணன் தனியாகப் போய்ப் பேசினார். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்கள்.

ஐயா ஓரியூர்_மண், ஒரு கேள்வி. அந்த 80,000-மும் எங்கள் காசு இல்லை. நூலும் ஈயமும் மிதவையும் வாங்கியது நண்டு எடுக்கிற வியாபாரி கொடுத்த முன்பணத்தில். கடன் தீரும்வரை அவர் சொல்கிற விலைக்குத்தான் நண்டைப் போட வேண்டும். அண்ணன் முதலாளிக்கு மன்னித்தால் வியாபாரி அண்ணனுக்கு மன்னிப்பாரா? அண்ணனுடைய கோபம் அண்ணனுடையது, அதை விடலாம். அந்தக் காசில் அண்ணி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், கூடப் போகும் பங்காள் ரெண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து அண்ணன் எப்படி மன்னிக்க முடியும்?

பாசிக்காரி:
இதற்குப் பதில் சொல்லுங்கள் ஐயா.

ஓரியூர்_மண்:
சொல்கிறேன். கஷ்டமான கேள்விதான். அதற்காகத்தான் திருச்சபை இருக்கிறது. ஒருவன் மன்னித்ததால் பட்டினி கிடக்கிறான் என்றால் அந்தக் கடனைப் பங்கு மக்கள் சேர்ந்து தூக்க வேண்டும். பிலமோனிடமிருந்து ஓடி வந்த அடிமைக்காகப் பவுல் அவருக்கு எழுதும்போது, "அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வையும்" என்றார். இங்கே நம் பங்கு அதைச் செய்யாது என்று சொல்வீர்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் சுவிசேஷம் சொல்வது மாறிவிடாது.

கன்னியாஸ்திரி ராணி மரியாவை நினைத்துப் பாருங்கள். 1995-ல் மத்தியப் பிரதேசத்தில் பேருந்தில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். கொன்றவனைச் சிறையில் போய்ப் பார்த்து 2002-ல் ராக்கி கட்டியவர் அவருடைய சொந்தத் தங்கை. குடும்பம் அதோடு நிற்கவில்லை, அவன் விடுதலைக்கும் முயற்சி எடுத்தது. 2006-ல் வெளியே வந்தான். மனசில் மட்டும் மன்னித்துவிட்டுச் சட்டப்படி நடக்கட்டும் என்று விட்டிருந்தால் அந்த மனிதன் திருந்தியிருப்பானா?

ஊழியன்:
அண்ணே, அது பெரிய சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் அது அந்தக் குடும்பம் தானாகச் செய்தது. பங்கு சாமியார் கூப்பிட்டு மனுவை வாபஸ் வாங்கச் சொல்லிச் செய்ததில்லை. அதுவும் அவன் பல வருடம் சிறையில் இருந்து மனம் வருந்திய பிறகு வந்த விடுதலை.

உங்கள் போப்பையே பாருங்கள். இரண்டாம் யோவான் பவுலை 1981 மே 13-ல் ஒருவன் சுட்டான். 1983 டிசம்பரில் போப் அவன் இருந்த சிறைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். மன்னித்தார். அன்றைக்கே கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு வரவில்லையே! 2000-ல்தான் இத்தாலி அவனுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தது. மன்னிப்பும் தண்டனையும் பதினாறு வருடத்துக்கும் மேல் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

சும்மா_பார்க்கிறேன்:
கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1459-ம் எண்ணிலேயே இருக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தை எடுத்துவிடும், பாவத்தால் வந்த கேட்டை எல்லாம் சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பித் தர வேண்டும். பூசையில் வாய் வலிக்க "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று சொல்லுகிறோம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மடிவலை:
நான் விசைப்படகில் போகிறவன். இவர்கள் சொல்லும் படகு இல்லை, வேறு படகு. எல்லாரும் முதலாளி முதலாளி என்கிறீர்கள். நஷ்டஈடு என்று கமிட்டியில் முடிவானால் பணம் எங்கிருந்து வரும் தெரியுமா? முதலாளி தன் பையிலிருந்து எடுப்பார் என்று நினைக்காதீர்கள். பாட்டில், அதாவது மீன் விற்ற வருமானத்தில், கழிப்பார். டிரைவருக்கும் ஆட்களுக்கும் வர வேண்டிய பங்கில்தான் கை வைப்பார். பாக் நீரிணையில் எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில். ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் தடைக்காலம். அதற்கு முன்னால் கையில் நாலு காசு சேர்க்கப் பார்க்கும்போது இது வந்து விழும்.

வலை அறுந்தது சரி என்று சொல்லவில்லை. இரவில் கொடிக்கம்பு தெரியாது என்பதும் பாதி நேரம் உண்மை, பாதி நேரம் சாக்கு. ஆனால் "நியாயம்" என்று நீங்கள் கேட்கிற காசு போய் விழுகிற இடம் எங்கள் அடுப்பில். நாங்களும் அதே பூசைக்குத்தான் வருகிறோம்.

பாசிக்காரி:
தம்பி, அதை உங்கள் முதலாளியிடம் கேட்க வேண்டும். எங்களிடம் சொன்னால் எப்படி?

மடிவலை:
கேட்டால் அடுத்த நாள் வேறு ஆள் ஏறுவான் அக்கா.

நெடுந்தீவான்:
இந்தத் திரியைக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். நான் அக்கரை, இலங்கையின் நெடுந்தீவு. வருடா வருடம் கச்சதீவு அந்தோனியார் பெருநாளில் உங்கட ஆட்களோடு ஒன்றாக முழந்தாளில் நிற்கிற ஆள்.

நண்டுவலைத் தம்பி எழுதிய கயிற்று நுனியை நான் நல்லாய்க் கண்டிருக்கிறேன். எங்கட வலைகளும் அப்பிடித்தான் வரும், ஒரு சீசனில் எத்தனையோ தரம். அறுக்கிறது உங்கட கரையிலிருந்து வாற இழுவைப் படகுகள். இங்கே 2017-ல் இழுவை மடியையே சட்டம் போட்டு நிறுத்திப்போட்டார்கள், எங்கட பெடியளுக்கும் சேர்த்துத்தான். பெருநாளுக்கு வாற உங்கட பெரியவர்கள் எங்களிட்ட என்ன கதைக்கிறவை தெரியுமோ? "தொப்புள்கொடி உறவு, ஒரே அந்தோனியார், பொறுத்துக்கொள்ளுங்கோ." வலைக்குக் காசு என்று வாய் திறந்தால் முகம் மாறிப்போகும். சாமியார் உங்கட அண்ணனுக்குச் சொன்னதை நீங்கள் எல்லாரும் சேர்ந்து எங்களுக்குச் சொல்லுகிறீர்கள்.

நண்டுவலை:
இது சுருக்கென்று இருக்கிறது அண்ணே. ஆனால் அக்கரைக்கு வருகிறது விசைப்படகு. நாட்டுப்படகுக்காரர்கள் நாங்களும் அதற்கு எதிராகத்தான் இருக்கிறோம்.

நெடுந்தீவான்:
கடலில் அப்பிடி. மேடையில் ஒருநாளும் நீங்கள் அதைச் சொல்லி நான் கேட்கேல்லை.

மடிவலை:
அண்ணே, எங்கள் ஆட்களைச் சிறையில் வைக்கிறீர்கள், படகைப் பிடுங்குகிறீர்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் இருக்கிறார்கள். அதையும் அந்தோனியார் முன்னால் சொல்லுங்கள்.

நெடுந்தீவான்:
சுட்டது நேவி. நான் வலை விடுகிற ஆள். அந்தச் சாவுகளுக்கு நாங்களும்தான் பூசை ஒப்புக்கொடுத்தனாங்கள்.

ஓரியூர்_மண்:
பாருங்கள், நான் பயந்தது இதற்குத்தான். அறுந்த வலைக்குக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? நீ எனக்கு இவ்வளவு, நான் உனக்கு அவ்வளவு என்று இரண்டு கரையும் சாகும்வரை எழுதிக்கொண்டே இருக்கலாம். யாராவது ஒருத்தர் ஏட்டை மூட வேண்டும். 1693-ல் ஓரியூரில் குருவானவர் அருளானந்தரை வெட்டியது ராமநாதபுரம் சேதுபதி சீமையின் ஆணை. இன்று பிப்ரவரித் திருவிழாவுக்கு அந்தச் சீமையின் எல்லா சாதி மக்களும், நம் மதம் இல்லாதவர்களும்கூட அங்கே வந்து, அவர் ரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணை அள்ளி நெற்றியில் பூசுகிறார்கள். யாராவது கணக்கு வைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

பாசிக்காரி:
ஏட்டை மூடலாம் ஐயா. யார் எவ்வளவு தர வேண்டும் என்று அதில் முதலில் எழுதியிருக்க வேண்டும் அல்லவா? எழுதாமலே மூடு என்றால் அறுத்தவனுக்குத்தான் வசதி. நாளைக்கு இன்னொரு வலையும் போகும். அருளானந்தரை யார், எதற்காக வெட்டினார்கள் என்பதை ஓரியூரில் ஒளித்தா வைத்திருக்கிறார்கள்? பெயரோடு சொல்லித்தான் திருவிழா கொண்டாடுகிறோம்.

ஊழியன்:
இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ரோமர் 12:18-ஐ மட்டும் பாருங்கள்: கூடுமானால், உங்களால் ஆனமட்டும் எல்லோரோடும் சமாதானமாயிருங்கள். "கூடுமானால்" என்று பவுலே ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

நண்டுவலை:
வீட்டில் நேற்று ராத்திரி பேசினோம். அண்ணன் மனுவை வாபஸ் வாங்கப் போவதில்லை. அம்மாவுக்கு மனவருத்தம்தான். ஆனால் ஊழியன் அண்ணன் சொன்ன மாதிரி சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு இன்னொரு தரம் முதலாளி வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு. அன்றைக்குக் கடலில் படகைப் பார்த்த இரண்டு பேரும் வருகிறார்கள். சாமியாரையும் கூப்பிட்டிருக்கிறோம், வருவாரா என்று தெரியாது. மடிவலை சொன்னதை அண்ணனிடம் காட்டினேன். ஆட்கள் பங்கில் கழிக்கக் கூடாது, முதலாளி தன் கணக்கில்தான் தர வேண்டும், தவணையில் தந்தாலும் பரவாயில்லை என்று எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார்.

ஓரியூர்_மண்:
போங்கள் தம்பி, ஜெபிக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், காசை முதலில் எடுக்காதீர்கள்.

பாசிக்காரி:
முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டீயைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மடிவலை:
கடலுக்குப் போக டோக்கன் இல்லாத நாளாகப் பார்த்துச் சாயங்காலம் போங்கள். தொழில் நாள் என்றால் முதலாளி ஐஸ், டீசல் என்று படகுத்துறையில் நிற்பார், ஆள் கிடைக்க மாட்டார். அந்தப் படகு டிரைவர் எனக்கு மச்சான் முறை. அவனையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்கிறேன், பேசுவானா என்பது அவன் பாடு.