ஆத்திரத்தில் வெட்டினால் கொலை இல்லையாம்!

தக்கலை வக்கீல்:
எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒருத்தர் எழுதியிருக்கிறார்: ஆத்திரத்தில் வெட்டினால் கொலைக்குற்றம் ஆகாதாம், மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை அப்படித்தான் விட்டார்களாம். படித்ததும் எனக்குத் தலை சூடாகிவிட்டது. ஜூரி விட்டது உண்மை. ஆனால் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மனைவி விஷயத்தைச் சொன்ன பிறகு அந்த மனுஷன் குடும்பத்தைச் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கினார். ஆளை ஆபீஸில் தேடினார், அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். மூன்று மணி நேரம்! இதற்குப் பெயர் திடீர்க் கோபமா?

வடசேரிக்காரன்:
வீட்டைவிட்டுக் கிளம்பியது மதியம் 1.30. சுட்டது 4.20. 2 மணி 50 நிமிடம். வக்கீலுக்குக் கழித்தல் கணக்கு வராதோ?

தக்கலை வக்கீல்:
தீர்ப்பே மூன்று மணி நேரம் என்றுதான் சொல்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கும் கணக்கு வராது என்கிறீர்களா?

குழித்துறை ஆறு:
ஆனாலும் கவர்னர் மன்னிப்புக் கொடுத்து வெளியே வந்தாரே அண்ணே. அப்போ விட்ட மாதிரிதானே?

தக்கலை வக்கீல்:
மன்னிப்பு வேறு, குற்றமில்லை என்பது வேறு. பேச்சை மாற்றாதீர்கள் தம்பி. மூன்று மணி நேரம்.

வடசேரிக்காரன்:
சட்டத்தில் எந்த இடத்தில் மணிக்கணக்கு இருக்கிறது? 1989-ல் நம்ம சென்னை உயர் நீதிமன்றம் நீடித்த ஆத்திரமூட்டலையும் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த தாய் வழக்கு அது. நல்லதங்காள் கதையே அதில் பேசப்பட்டது. வருஷக்கணக்கில் அடிபட்டவளுக்கு நீங்கள் கடிகாரம் பார்ப்பீர்களா?

தக்கலை வக்கீல்:
படித்திருக்கிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 300-ஆம் பிரிவில் ஆத்திரமூட்டலுக்கான முதல் விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 101. இரண்டிலும் "திடீர்" என்ற சொல் அப்படியே நிற்கிறது. விதிவிலக்கு கிடைத்தாலும் விடுதலை இல்லை, கொலைக்குக் கீழே உள்ள குற்றத்துக்குத் தண்டனை உண்டு. நானாவதிக்கு அதுவும் கிடைக்கவில்லை. காரணம் அந்த மூன்று மணி நேரம்.

மார்த்தாண்டம் தேன்கடை:
சாரே, கொலை பண்ணினவன் மனசை இவ்வளவு அலசுகிறீர்கள். எங்க அப்பா மனசை யார் பார்த்தது? மொத்தமாக வாங்கிய தேனை அப்படியே பாட்டிலில் ஊற்றி விற்றார். உணவு அதிகாரி வந்து தேன் மாதிரியை மூன்றாகப் பிரித்து, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். அரக்கு ஒரு சொட்டு மேஜையில் விழுந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. சோதனையில் சர்க்கரைப்பாகு என்று வந்தது. தெரியாது என்று அப்பா சொன்னார். தெரியாது என்பது பதிலே இல்லை என்றார்கள்.

தக்கலை வக்கீல்:
அப்போதிருந்த 1954 உணவுக் கலப்படத் தடைச் சட்டம், 19-ஆம் பிரிவு. விற்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே அதில் இருக்கவில்லை. ஜனங்கள் வாயில் போகும் பொருள். ஆனால் வாங்கிய இடத்தில் எழுத்துமூலம் உத்தரவாதம் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பார். பில் இருந்ததா?

மார்த்தாண்டம் தேன்கடை:
தேன் கொண்டுவந்தவர் சிமெண்ட் சாக்குத் தாளில் பென்சிலால் தொகை எழுதித் தந்தார். அவ்வளவுதான்.

குழித்துறை ஆறு:
ரப்பர் தோட்டத் தேனா? அது உறைந்தாலே சர்க்கரை என்று சொல்லிவிடுவார்கள்.

மார்த்தாண்டம் தேன்கடை:
உறைவது வேறு, பாகு வேறு. தேன் தெரியாதவர்கள் பேச வேண்டாம்.

வடசேரிக்காரன்:
போன மாதம் ரயில் நேரத்திலும் வக்கீல் இப்படித்தான் தப்பாகச் சொல்லி அடம்பிடித்தார். 2 மணி 50.

தக்கலை வக்கீல்:
ரயில் பேச்சை இங்கே இழுக்காதீர்கள். அன்றும் நான் சொன்னதுதான் சரி. சாயங்காலம் கோர்ட் விட்டு வந்ததும் தீர்ப்பின் அந்தப் பத்தியைப் போடுகிறேன்.

மார்த்தாண்டம் தேன்கடை:
போடுங்கள் சாரே. அப்பாவைப் பற்றி நான் கேட்டதற்கும் ஒரு பதில் போடுங்கள்.

வடசேரிக்காரன்:
மணி பார்த்துப் போடச் சொல்லுங்கள்.