தக்கைப்பூண்டுப் பசுந்தாளை மடக்கி உழுத வயலில் நடவு மஞ்சளிக்கிறது, யூரியா இல்லாமல் தேற்ற முடியுமா?

வாய்மடை:
திருவாரூர் பக்கம், மூன்று மா நிலம், அதாவது சுமார் ஒரு ஏக்கர். களிமண், ஆற்றுப்பாசனம். ரசாயனத்தை நிறுத்திய பின் இது முதல் சம்பா. 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 60 நாளில் மடக்கி உழுது, முறைத்தண்ணீர் போய்விடும் என்பதால் நான்காம் நாளே தூயமல்லி நெல் நட்டாயிற்று. நட்டு 15 நாள் ஆகியும் பச்சை பிடிக்கவில்லை. பள்ளமான பக்கம் மஞ்சள் அதிகம். சாணமும் கோமியமும் வெல்லமும் கரைத்த ஜீவாமிர்தம் 200 லிட்டர் விட்டும் மாற்றமில்லை. "25 கிலோ யூரியா வீசினால் சரியாகும்" என்கிறார்கள். அதைத் தொடுவதாக இல்லை. வேறு என்ன செய்யலாம்?

கழனி:
முதலில் பள்ளத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பயிருக்குச் சத்துக் குறைவு இல்லை, இருப்பதை எடுக்க வேரால் முடியவில்லை. பசுந்தழை தேங்கிய நீருக்கடியில் காற்றில்லாமல் அழுகும்போது கரிம அமிலங்களும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகி இளவேரைச் சுடும். அதற்காகத்தான் மடக்கி உழுத பின் 7 முதல் 10 நாள் விட்டு நடச் சொல்வது.

வடிகாலைத் திறந்து மூன்று நாள் காயவிடுங்கள். மயிரிழை வெடிப்பு கண்டதும் ஒரு விரற்கடை தண்ணீர் கட்டி, அது சுண்டியதும் மறுதண்ணீர். களிமண்ணில் பெருவெடிப்பு விழ விட்டால் வேர் அறுந்துபோகும், கவனம். வரிசை நடவானால் கோனோவீடர் (தள்ளிக்கொண்டு போகும் களைக்கருவி) ஓட்டுங்கள், சேறு கிளறிக் காற்று இறங்கும். வெள்ளை வேர் விடும்வரை ஜீவாமிர்தம், சாணக்கரைசல் எதுவும் வேண்டாம். அதிலுள்ள வெல்லத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மிச்சமுள்ள காற்றையும் இழுத்துக்கொள்ளும்.

புழுதிக்கால்:
கழனி சொல்வதோடு இதையும் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்து, அடியிலை நுனியிலிருந்து மஞ்சளித்தால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. 60 நாள் தக்கைப்பூண்டின் தண்டு விறகாகிவிடும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தமக்கே எடுத்துக்கொள்ளும், பயிருக்குப் பிறகுதான் விடும். அடுத்த முறை 45 நாளுக்குள், பூ எட்டிப் பார்க்கும்போதே, தண்டு கையால் ஒடியும் பதத்தில் மடக்குங்கள்.

இப்போதைக்கு 40 கிலோ கடலைப்புண்ணாக்கும் 10 கிலோ வேப்பம்புண்ணாக்கும் தூளாக்கி, தண்ணீர் சுண்டிய சேற்றில் தூவி ஒரு களை எடுங்கள். இதில் கிடைப்பது மூன்று கிலோ தழைச்சத்துதான், அதுவும் மெல்லத்தான் வரும். கூடவே மாலையில் 10 லிட்டருக்கு 100 மில்லி மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறிய கரைசல்) தெளிக்கலாம். வேர் கறுத்திருந்தால் வடித்துத் தேறிய பிறகே இதெல்லாம்.

வாய்மடை:
பார்த்தேன். பள்ளத்தில் வேர் கறுப்பு, நாற்றமும் உண்டு. மேட்டுப்பக்கம் வெள்ளை. வடிகால் திறந்தாச்சு. ஜீவாமிர்தம் ஏன் கைகொடுக்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

எருக்குழி:
அதை உரமாகக் கணக்கிடுவதால் வரும் ஏமாற்றம் இது, தோழர். 200 லிட்டரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். மொத்தத் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ எடுக்கும். ஜீவாமிர்தம் மண்ணின் உயிர்களைத் தூண்டும் உறைமோர், அவ்வளவே. பால் நாம்தான் ஊற்ற வேண்டும்: தழை, தொழுவுரம், வைக்கோல்.

அதனால் இந்த வயலுக்கு வருடம் முழுக்க வேர் இருக்கும்படி திட்டமிடுங்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன், மண் மெழுகுப்பதத்தில் இருக்கும்போது, 10 முதல் 12 கிலோ உளுந்தோ பச்சைப்பயறோ நெல்லுக்குள்ளேயே தெளித்துவிடுங்கள். ஈரம் தப்பினால் முளைக்காது. பயறு எடுத்ததும் கோடை மழைக்குப் பலவகை விதை கலந்த பலதானியம் 20 கிலோ விதைத்து, பூப்பதற்குள் மடக்குங்கள். வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் ஊர் என்றால், பக்கத்தில் யூரியா போட்ட மூன்று நான்கு நாள் உங்கள் மடையை அடைத்துவையுங்கள். பிஜிஎஸ் எனும், விவசாயிகள் ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் இயற்கை விவசாயச் சான்றிதழுக்குப் போகும் எண்ணமிருந்தால் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும், இப்போதே ஆள் தேடுங்கள்.

கழனி:
வாய்மடை, ஐப்பசி மழை நடுவில் பிடித்துக்கொண்டால் வயலைக் காயவிடுவது கெட்டுவிடும். பள்ளத்து வரப்பை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வடிகாலோடு இன்றே சேர்த்துவிடுங்கள். மேட்டுப்பக்கத்தை இப்படிக் காயவிடத் தேவையில்லை. நடுவே சின்ன வரப்பு போட்டுத் தனியாகத் தண்ணீர் நிறுத்தலாம்.