லவுட்னஸுக்கு அப்புறம்? யாரும் கண்டுக்காத ஜப்பான் மெட்டல் ஆல்பங்களைத் தேடுறது எப்படி

வியாசர்பாடி ரிஃப்:
லவுட்னஸோட 'தண்டர் இன் தி ஈஸ்ட்', எக்ஸ் ஜப்பான். இதைத் தாண்டிப் போக முடியல. யூடியூப்ல எதைத் தட்டினாலும் அதே பாட்டுங்கதான் திரும்பத் திரும்ப வருது. 80கள்ல வந்து அமுங்கிப்போன நல்ல ஆல்பங்களை எப்படிப் பிடிக்கிறது? மூர் மார்க்கெட்ல தேறுமா, இல்ல ஜப்பான்ல இருந்துதான் வரவழைக்கணுமா? சிடி போதும்.

தண்டையார்பேட்டை டபுள்பாஸ்:
'டாப் 50' பட்டியலை விட்டுடுங்க ப்ரோ, எல்லாம் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதினது. ஆளைப் பிடிச்சுப் போங்க. லவுட்னஸ் 1992ல தன் பேர்லயே ஒரு ஆல்பம் போட்டாங்க. பாடினவர் மசாகி யமாடா, பேஸ் கிதார் வாசிச்சவர் எக்ஸ் ஜப்பான்ல இருந்து வந்த தைஜி. யமாடா அதுக்கு முன்னாடி இருந்தது ஈ-இசட்-ஓ. அவங்க 1987 ஆல்பத்தைத் தயாரிச்சது கிஸ் பேண்டோட ஜீன் சிம்மன்ஸ். அதே பேண்டுக்கு அதுக்கும் முந்தின பேரு ஃப்ளாட்பேக்கர், சொந்த ஊர் சப்போரோ. 1985லயும் 1986லயும் ஜப்பானிய மொழியில ஒவ்வொரு ஆல்பம். அமெரிக்காவுக்காக மெருகேத்தின ஈ-இசட்-ஓவை விட இதுலதான் உயிர் இருக்கு. கிதார் கரடுமுரடு, குரல்ல பங்க் ஆவேசம்.

அடுத்து டூம்ங்கற பேண்ட், ஆல்பம் 'காம்ப்ளிகேட்டட் மைண்ட்', 1988. பேஸ் ஃப்ரெட்லெஸ், அதாவது கழுத்துல கம்பித் தடுப்பு இல்லாத கிதார். த்ராஷ்ங்கற அதிவேக மெட்டல் பாணியில ரிஃப் வெட்டி வெட்டிப் போறப்போ, அடியில பேஸ் நோட்டுக்கு நோட்டு தாவாம வழுக்கிக்கிட்டே போகும். ஃபோன் ஸ்பீக்கர்ல அது சுத்தமா காணாமப் போயிடும், ஹெட்ஃபோன் கட்டாயம். நகோயாக்காரங்க அவுட்ரேஜ் 1991ல போட்ட 'தி ஃபைனல் டே'யும் கேளுங்க. தயாரிப்பு, அக்செப்ட் டிரம்மர் ஸ்டெஃபான் காஃப்மன்.

ராயபுரம் ரெக்கார்டு:
மேல சொன்னது சரியான வழி. ஆனா பேரை மட்டும் தட்டினா வேற எங்கயோ போய் நிப்பீங்க. டூம்னு இங்கிலாந்துல ஒரு க்ரஸ்ட் (பங்க் வகை) பேண்ட் இருக்கு. சப்பாத்னு நாட்டிங்ஹாம்ல ஒரு த்ராஷ் பேண்ட், ஜப்பான்ல கெஸோல் நடத்துற சப்பாத் வேற. ஆந்தெம்னு ஒரு ஜப்பான் மெட்டல் பேண்ட், அந்தப் பேரைத் தேடினா தேசிய கீதம்தான் வந்து நிக்கும். ஸ்ட்ரீமிங்ல ரெண்டு பேண்டையும் ஒரே பக்கத்துல கலந்து வெச்சிருப்பாங்க, வருஷத்தைப் பார்த்துப் பிரிங்க.

டிஸ்காக்ஸ்ங்கற ரெக்கார்டு விவர வெப்சைட்ல அந்த ஆல்பத்தோட பக்கத்தைத் திறந்து, ஜப்பானிய எழுத்துல இருக்கற தலைப்பையும் கேட்டலாக் நம்பரையும் காப்பி பண்ணிக்கோங்க. அதை அப்படியே யூடியூப்லயும் யாஹூ ஜப்பான் ஏலத்துலயும் ஒட்டினா, ஆங்கில எழுத்துல தேடினப்போ வராததெல்லாம் வரும். கேட்டலாக் நம்பர்தான் ரொம்ப நம்பகம்.

எந்த வருஷத்து அச்சுன்னு ஓபி காகிதத்துல (ஜப்பான் சிடி உறையோட ஓரத்தைச் சுத்தி வர்ற பட்டைக் காகிதம்) இருக்கற விலையே சொல்லிடும். 2,800 யென், வரி நீங்கலா 2,718ன்னு இருந்தா அது 3% வரி, 1989 ஏப்ரல்ல இருந்து 1997 மார்ச் வரை. 2,667ன்னு இருந்தா 5%, 2014 மார்ச் வரை. வரிப் பேச்சே இல்லாம 3,200 யென்னு மட்டும் இருந்தா பெரும்பாலும் 1989க்கு முந்தினது. பழைய அச்சுன்னு சொல்லி மறுபதிப்பை விக்கிறவங்க கிட்ட ஓபி ஃபோட்டோ கேளுங்க.

மூர் மார்க்கெட்ல பழைய சினிமா ரெக்கார்டு அருமையா கிடைக்கும். இதுக்கு அதை நம்ப வேண்டாம்.

வியாசர்பாடி ரிஃப்:
நன்றிண்ணா. ஏலத்துல பொருள் விலை கம்மியாத்தான் தெரியுது. கணக்குல எது இடிக்கும்?

ராயபுரம் ரெக்கார்டு:
பொருள் விலையில பாதிக் கதைதான் இருக்கு. விக்கிறவர்கிட்ட இருந்து ப்ராக்ஸி (நமக்காக ஜப்பான்ல வாங்கி அனுப்புற ஏஜென்சி) கிடங்குக்கு ஒரு தபால் செலவு, ப்ராக்ஸி கட்டணம், அங்கேருந்து சென்னைக்கு ஒரு செலவு, அதுக்கு மேல கஸ்டம்ஸ். ஒவ்வொண்ணா அனுப்பச் சொன்னா கட்டுப்படியாகாது. நாலைஞ்சு சிடி சேர்ந்ததும் ஒரே பார்சலாக் கட்டச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை டபுள்பாஸ்:
இன்னொண்ணு. 80கள்ல வந்த ஜப்பான் சிடிங்க சிலதுல ப்ரீ-எம்ஃபஸிஸ் இருக்கும். பதியறப்போ ட்ரெபிளை ஏத்தி வெச்சிருப்பாங்க, பிளேயர் தானா இறக்கிக்கும். கம்ப்யூட்டர்ல ரிப் பண்ணா இறங்காது, சிம்பல் காதைக் கிழிக்கும். மாஸ்டரிங்கே மோசம்னு தூக்கிப் போட்டுடாதீங்க. அதே டிஸ்க்கை சாதா சிடி பிளேயர்ல போட்டு ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா சாக்ஸ் (SoX) சாஃப்ட்வேர்ல டீ-எம்ஃபஸிஸ் ஃபில்டர் போட்டு ஃபைலை மாத்திக்கலாம்.

நம்ம பக்கம் கடல் காத்து வேற. ஓபி காகிதம் சீக்கிரம் பூத்துடும், வெளி உறை ஒண்ணு போட்டு, அலமாரியில சிலிகா ஜெல் வெச்சுடுங்க. பிவிசி உறை மட்டும் வேண்டாம், ஒட்டிக்கும்.